பரிசலுக்காக ஒன்பது

உலகத்தில் எதற்கெல்லாமோ சண்டை நடக்கிறது. வாய்க்கால் தண்ணீருக்கு நடக்கிறது, கோயில் முதல் மரியாதைக்கு நடக்கிறது, கல்யாண வீட்டில் யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது என்பதற்கும் நடக்கிறது. சுனை திட்டத்தில் மூன்று வருஷமாக நடந்த சண்டை ஒரே ஒரு எண்ணுக்காக. ஒன்பதா, பதினான்கா? இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்தே இராத மனிதர்கள் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார்கள். பிரேசில்காரர் ஒருவர் கும்பிடு போட்டுவிட்டு விலகினார். பாளையங்கோட்டையில் கோமதிக்கு பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது.

சுனை என்பது தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்யும் பெட்டிகளை இயக்கும் மென்பொருள். பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். உள்ளே ஓடும் மூளை மட்டும் சுனைதான். சமையலறைத் தொட்டிக்குக் கீழே அது ஓடாத வீடு இப்போது கிடையாது. ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது, பள்ளிக்கூடங்களில் ஓடுகிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம், குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களில் தலைமை கோமதி. ஐம்பத்திரண்டு வயது. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அவள் கணவர் சண்முகவேல் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசில் ஊதினால் இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தே பழகியவர். ஓர் எண்ணை மாற்ற மூன்று வருஷம் பேசுகிற கூட்டத்தை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டார்.

"அந்த நம்பர்ல அப்படி என்னதான் இருக்கு?"

"நாங்க எழுதுதது மனுசன் வாசிக்கிற மாதிரி இருக்கும். சிப்புக்கு அது வெளங்காது. அதுக்கு வெளங்குத மாதிரி மாத்திக் குடுக்கதுதான் கம்பைலர். அதுல புதுசு புதுசா பதிப்பு வந்துக்கிட்டே இருக்கும். புதுசுல வசதி ஜாஸ்தி, பாதுகாப்பு ஜாஸ்தி. ஆனா எல்லார்கிட்டயும் புதுசு இருக்காதுல்லா? அதனால, இந்தப் பதிப்புக்குக் கீழ உள்ளதை நாங்க கணக்குல எடுக்க மாட்டோம்னு ஒரு கோடு போடணும். கோடு இப்ப ஒம்போதுல இருக்கு. ஒம்போதுக்குத் தெரியாத எதையும் யாரும் எழுதக் கூடாது."

"வெளங்கலை."

"உங்களுக்கு அல்சர். அதனால இந்த வீட்டுல இருவது வருசமா எல்லாருக்கும் காரமில்லாத கொழம்பு. இப்ப வெளங்குதா?"

"நல்லா வெளங்குது. ஒங்க திட்டத்துல யாருக்கு அல்சர்?"

"பரிசலுக்கு."

சண்முகவேல் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். பரிசல் என்றால் அந்த வீட்டில் வடிவு என்று அர்த்தம்.

பரிசல் வேறொரு நட்சத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கப்பல். முந்நூறு சொச்சம் பேர் அதில் குடியிருக்கிறார்கள். போய்ச் சேரப்போவது அவர்கள் அல்ல, அவர்களுடைய பேரன் பேத்திகள். தண்ணீர்ப் பொறியாளராக அதில் ஏறிப் போனவள் கோமதியின் தங்கை வடிவு. போகாதே என்று கோமதி அழுதாள், கோபப்பட்டாள், ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். வடிவு போய்விட்டாள். இருபத்தைந்து வருஷமாகிறது. இப்போது அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்து சேர ஒன்றேகால் வருஷம் பிடிக்கிறது. இங்கிருந்து போவதற்கும் அதே அளவு.

தூரம் கூடக்கூட ஆன்டெனாவின் சக்தி போதாமல் சொந்தக் கடிதங்களை நிறுத்திவிட்டார்கள். தொழில்நுட்பச் செய்திகளுக்கு மட்டும்தான் அனுமதி. சுனையின் சோதனை அறிக்கை தொழில்நுட்பச் செய்தி. சுனை அங்கே ஒழுங்காக ஓடுகிறதா என்று வடிவு மாதம் ஒருமுறை எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, முடிவை அனுப்புவாள். அறிக்கையின் அடியில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. கருவிகள் அதைப் படிப்பதில்லை, கோமதியைத் தவிர மனிதர்களும் படிப்பதில்லை. வடிவு அதில் ஒரு வரி எழுதுவாள். 'கோமுக்கா, இந்தத் தடவை தக்காளி நல்லாக் காய்ச்சிருக்கு, ஆனா புளிப்பு பத்தலை.' 'கோமுக்கா, எனக்கு முட்டுவலி வந்துட்டு. உனக்கும் வந்திருக்குமே.' 'இங்க ஒரு பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு. அழுதா அப்படியே நம்ம சித்தி.'

சுனையில் திருத்தங்கள் சேர்த்துப் பரிசலுக்கு அனுப்பும் ஒவ்வொரு வெளியீட்டின் அடியிலும் கோமதி ஒரு வரி பதில் எழுதி அனுப்புவாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவ்வளவே போதும் என்று பழகியிருந்தார்கள்.

சுனைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பதிப்பில் யாராவது சோதனை நடத்தி அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பதிப்பைக் கைவிடக் கூடாது. பூமியில் ஒன்பதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். பரிசலில் இருப்பது பழைய சிப்புகள். அவற்றுக்குத் தோதான கடைசிக் கம்பைலர் ஒன்பதுதான். மாதா மாதம் பரிசலிலிருந்து அறிக்கை வந்தது. திட்டத்தின் அறிவிப்புப் பலகையில் ஒன்பதுக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. ஒன்பது நீடித்தது. முந்நூறு பேர் குடிக்கும் தண்ணீர் ஆயிற்றே, யாருக்கு அதை மறுக்க மனம் வரும்?

மயூரனுக்கு வந்தது.

மயூரன் யாழ்ப்பாணத்துக்காரன். முப்பத்தைந்து வயது. சுனையின் வெளியீடுகளைத் தொகுத்து அனுப்புகிற பொறுப்பு அவனுடையது. பதினான்காம் பதிப்பில் ஒரு வசதி இருக்கிறது. எண்ணிக்கை ஒன்று அளவுக்கு மீறி வளர்ந்து, சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும் தவறைக் கம்பைலரே கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஒன்பதில் அது கிடையாது. ஆகவே அந்தச் சரிபார்ப்பை நூற்றுக்கணக்கான இடங்களில் மனிதர்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. மயூரன் எழுதினான். ஓர் இடத்தில் விட்டுவிட்டான். அந்த வரியை கோமதி உட்பட நான்கு பேர் பார்த்தார்கள், நான்கு பேர் கண்ணிலும் அது படவில்லை. ஒரு கடற்கரை ஊரின் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில், குழாய் கழுவும் நேரத்தைக் கணக்கிட்ட எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பியது. குழாயைக் கழுவும் மருந்து தண்ணீரில் கலந்து வந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

அன்றிலிருந்து மயூரன் பதினான்கு, பதினான்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கல்நெஞ்சக்காரன் என்று அவனைச் சொன்னவர்கள் உண்டு. கோமதியே ஒரு தடவை சண்முகவேலிடம் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பேசி முடித்துவிடுவது, இனி இழுப்பதில்லை என்று ஏற்பாடு.

அன்று காலையில்தான் பரிசலிலிருந்து மாத அறிக்கை வந்தது. எல்லாச் சோதனையும் தேறியிருந்தது. கோமதி காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து குறிப்பைத் திறந்தாள். வழக்கமாக ஒரு வரி இருக்கும் இடத்தில் ஒரு பத்தி இருந்தது.

'மயூரன் தம்பிக்கு. பரிசல்ல ஒன்பதாம் பதிப்புல எத்தனை பெட்டி ஓடுதுன்னு வெளியீட்டோட சேத்துக் கேட்டிருந்தீங்க. ஒண்ணுகூட இல்லை. நாங்க இங்க சொந்தமா ஒரு கம்பைலர் எழுதி ஆறு வருசம் ஆவுது. நீங்க அனுப்புததை வாசிச்சு, வேண்டியதை எங்க பாசையில திருப்பி எழுதிக்கிடுதோம். ஒம்போது இருக்கது என் மேசை மேல உள்ள, சிப்பு பதிச்ச பழைய சோதனைப் பலகையில மட்டும்தான். அது யாரு குடிக்கிற தண்ணியையும் சுத்தம் செய்யலை. மாசம் ஒருக்கா அதுல உங்க சோதனையை ஓட்டி அனுப்புதேன். அறிக்கை நின்னா குறிப்பும் நின்னுரும். அதுக்காகத்தான். இதுனால யாருக்கும் கெடுதல் இல்லைன்னு நெனச்சேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. கேட்டதுக்கு அப்புறம் சோதனை அறிக்கையில பொய் எழுதக் கை வரலை. கோமுக்கா, கோவப்படாத.'

கோமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே வடிவு இப்படித்தான். கள்ளத்தனம் செய்வாள், ஆனால் நேருக்கு நேர் கேட்டுவிட்டால் பொய் சொல்லத் தெரியாது. மயூரன் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்ததே கோமதிக்கு மறந்துபோயிருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவன் அனுப்பியது. அவனும் மறந்திருப்பான்.

பிறகு சிரிப்பு நின்றது. ஆறு வருஷம் என்று எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு பேரும் செத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

சோதனை வருகிறது என்றால் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுனைக்காரர்கள் அதனால் ஒன்பதை வைத்திருந்தார்கள். சுனைக்காரர்கள் ஒன்பதை வைத்திருந்ததால் வடிவு சோதனை நடத்தினாள். யாருக்கும் தண்ணீர் தராத ஒரு பலகைக்காக உலகம் முழுவதும் எத்தனையோ பேர் கையால் சரிபார்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஓர் இடத்தில் தவறிவிட்டான். எல்லாம் எதற்காக? தக்காளி காய்த்ததை அக்காவிடம் சொல்வதற்காக.

"வடிவு என்ன சொல்லுதா?" என்று சண்முகவேல் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். அறிக்கை வரும் நாளில் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி.

"சும்மாதான். நல்லா இருக்காளாம்," என்றாள் கோமதி.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அறிக்கையை மூடினாள். யாரும் அதைத் திறக்கப் போவதில்லை. பச்சை விளக்கு எரிகிறது, அதற்குமேல் யாருக்கும் அக்கறை கிடையாது. சொல்லிவிட்டால் கோடு பதினான்குக்கு ஏறும், அறிக்கை நிற்கும், வடிவு நின்றுபோவாள். சொல்லாமல் விட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். அந்தத் தவறான வரியைத்தான் அன்றைக்கே திருத்தியாயிற்றே என்று மனசு வக்காலத்து வாங்கியது. இனிமேல் எல்லோரும் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள் என்றது. செத்தவர்கள் திரும்பி வரவா போகிறார்கள் என்றுகூடச் சொன்னது. அந்தக் கடைசி வாதம் தன் மனசிலிருந்து வந்ததா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் அவள் அறிக்கையைத் திறக்கவில்லை. எழுந்து போய் வெங்காயம் உரித்தாள்.

பிற்பகலில் திரையில் நாற்பது முகங்கள் வந்து உட்கார்ந்தன. அவரவர் அவரவர் மொழியில் பேசினார்கள், கேட்பவர் காதில் அவரவர் மொழியில் விழுந்தது. மயூரனும் கோமதியும் மட்டும் இடையில் எந்திரம் இல்லாமல் பேசிக்கொள்ள முடிந்தவர்கள். அதனால்தானோ என்னவோ அவன் பேசும்போது அவளுக்கு எதுவும் மழுங்கிக் கேட்கவில்லை.

"நான் புதுசாச் சொல்ல ஒண்டும் இல்லை," என்று ஆரம்பித்தான் மயூரன். "போன மாசம் நான் அந்த ஊருக்குப் போனனான். செத்தவையில ஒருத்தரின்ர வீட்டுக்கு. அவரின்ர மனுசி வாசல்ல நிண்டவா. தண்ணி மெசின் விசயமா வந்தனான் எண்டு சொன்னன். அதுக்குமேல சொல்ல வாய் வரேல்லை. வெயிலுக்க வந்திருக்கிறீங்கள் எண்டு சொல்லி இருக்கச் சொன்னவா. தேத்தண்ணி போட்டுத் தந்தவா. நான் அதை வாங்கிக் குடிச்சிட்டு வந்திட்டன். நான் எழுதின பிழை. அதை நான் ஒருத்தரின்ர தலையிலயும் போடேல்லை. ஆனா இந்தப் பிழையைக் கம்பைலர் பிடிச்சிருக்கும். நாங்கள்தான் அதைப் பிடிக்கவிடேல்லை. இதை மட்டும்தான் நான் கேக்கிறன்."

பிறகு பின்லாந்திலிருந்து ஐனோ பேசினாள். சுனையில் கோமதிக்கு அடுத்து மூத்தவள் அவள்தான். நல்ல மனுஷி, சட்டென்று கண் கலங்கிவிடுவாள்.

"மயூரன், நீ பட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களால் திரும்பி வர முடியாது. இங்கே நமக்கு ஒன்பது கஷ்டம்தான். அங்கே அவர்களுக்கு ஒன்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர்களைக் கைவிட்டோம் என்று நான் என் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்?"

தலைகள் அசைந்தன. ஒருவர் பின் ஒருவராக ஐனோ சொன்னதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பச்சைப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். கோமதி வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சும்மா இருந்தாலே அவள் ஜெயித்துவிடுவாள்.

மயூரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நேராகக் கோமதியைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நான் இந்தப் பிரேரணையைத் திருப்பி எடுக்கிறன். நீங்கள் இவ்வளவு நேரமும் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறீங்கள். உங்கட தங்கச்சி அங்க இருக்கிறா எண்டது எல்லாருக்கும் தெரியும். அவவின்ர தண்ணியைப் பற்றி நாங்கள் இங்க இருந்து வாக்குவாதப்படுறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது உங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் இன்னும் கவனமா எழுதுறன். நாலு முறை வாசிக்கிற இடத்தில எட்டு முறை வாசிக்கிறன்."

அவன் சண்டை போட்டிருந்தால் கோமதி சமாளித்திருப்பாள்.

ஒரு பிரேரணையைத் திரும்பப் பெறுவதற்கும் சுனையில் ஒரு முறை இருக்கிறது. தலைமையில் இருப்பவர் மறுப்பு உண்டா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாவது தடவையும் யாரும் வாய் திறக்காவிட்டால் விஷயம் முடிந்தது, இரண்டு வருஷத்துக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

"மறுப்பு உண்டா?" என்றாள் கோமதி. யாரும் பேசவில்லை.

"மறுப்பு உண்டா?" ஐனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மயூரன் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு முறை வாசிக்கப் போகிறானாம். அவன் வாசிப்பான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மறுப்பு உண்டா?" என்று மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, பதிலையும் கோமதியே சொன்னாள். "இருக்கு. எனக்கு இருக்கு."

அறிக்கையைத் திறந்து, குறிப்பை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை வாசித்தாள். 'கோமுக்கா, கோவப்படாத' என்பதையும் விடவில்லை. இது காலையிலேயே வந்துவிட்டது, நான் வாசித்துவிட்டு மறைத்து வைத்திருந்தேன் என்பதையும் சொன்னாள். அவரவர் மொழியில் அது நாற்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

கோபப்பட வேண்டியவர்கள் கோபப்பட்டார்கள். ஆறு வருஷமா, ஆறு வருஷமா என்று ஐனோ திரும்பத் திரும்பக் கேட்டாள். இத்தனை நேரம் இதை வைத்துக்கொண்டு எங்களை அழவிட்டாயா என்றும் கேட்டாள். அது நியாயமான கேள்விதான். கோமதி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

மயூரன் மட்டும் கத்தவில்லை. முகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. "எனக்கு எழுதினவாவோ?" என்று கேட்டான். "என்ர கேள்விக்குப் பதில் அனுப்பினவாவோ?"

"ஆமா தம்பி. நீங்க கேட்டதுக்குத்தான்."

"அப்ப, இதோட அறிக்கை நிண்டிடும் அக்கா. அது தெரிஞ்சுதானே சொல்றீங்கள்?"

"தெரிஞ்சுதான்."

பிரேரணையை அவன் மறுபடி வைத்தான். யாரும் மறுக்கவில்லை. மாற்ற வேண்டியது ஒரு கோப்பில் ஒரே ஓர் எண். யார் பிரேரணை வைத்தார்களோ அவர்கள்தான் மாற்றுவது வழக்கம். நான் மாற்றுகிறேன் என்று கோமதி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பதை அழித்துப் பதினான்கை அடித்தாள். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பிறகு எழுந்து போய்ச் சண்முகவேலிடம் எல்லாவற்றையும் சொல்லி ஓவென்று அழுதாள். பி.டி. வாத்தியாருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவருக்குத்தான் முதலில் அந்த யோசனை தோன்றியது, மறுநாள் காலையில்.

"ஏட்டி, நீ நிப்பாட்டுனது அவளுக்குப் போய்ச் சேரவே ஒண்ணேகால் வருசம் ஆவும்லா?"

"ஆவும்."

"அதுவரைக்கும் அவ அனுப்பிக்கிட்டுத்தான இருப்பா? கடைசியா அனுப்புதது இங்க வர இன்னும் ஒண்ணேகால் வருசம். அப்பம் இன்னும் ரெண்டரை வருசத்துக்கு மாசா மாசம் வரும்."

கோமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோட்டை நகர்த்தியவளுக்கே இந்தக் கணக்குத் தோன்றவில்லை. பாதி அறிக்கைகள் இப்போதே வழியில் இருந்தன, ஆகாயத்தில் எங்கெங்கோ, ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றை யாரும் நிறுத்த முடியாது. திட்டத்தின் அறிவிப்புப் பலகையில் இனி அவற்றுக்கு விளக்கு எரியாது, ஆனால் குறிப்புகள் குறிப்புகள்தானே. இரண்டரை வருஷம் என்பது சின்ன விஷயமா? அதற்குள் மனசு தேறிவிடும் என்று நினைத்தாள். அந்த மாதம் அவள் கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த அறிக்கை சொன்னபடி வந்தது. அன்று சண்முகவேல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாச் சோதனையும் தேறியிருந்தது. கோமதி குறிப்பைத் திறந்தாள்.

'கோமுக்கா, இதுதான் கடைசி. போன மாசம் நான் எழுதுனதை வாசிச்ச ஒடனே நீ எல்லார்கிட்டயும் சொல்லியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு? அதனால இதுக்கு மேல நான் அனுப்புத ஒவ்வொண்ணும் நீ ஒம்போதைத் தூக்குனதுக்கு அப்புறந்தான் உன் கைக்கு வரும். ஒம்போதே இல்லாதப்போ ஒம்போதுக்கு என்ன சோதனை? அது பொய் அறிக்கை. பலகையைக் கழத்திட்டேன். இங்க உள்ள பிள்ளைக சிப்பைப் பிரிச்சுப் பாக்கணும்னு கேட்டுச்சு, குடுத்திட்டேன். நான் நல்லா இருக்கேன். அத்தானைக் கேட்டேன்னு சொல்லு. அழாத.'

"என்ன சொல்லுதா?" என்றார் சண்முகவேல்.

கோமதி திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கூட்டத்தில் வாய் திறப்பதா வேண்டாமா என்று அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதே இந்தக் குறிப்பு பூமியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முடிவெடுப்பதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வடிவு அந்த முடிவை நம்பிப் பலகையைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். அன்று மூன்றாவது தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அறிக்கையும் இல்லாமல், தங்கையின் நம்பிக்கைக்குத் தகுதியும் இல்லாமல், இந்த வரிகளைத் தனியாக உட்கார்ந்து வாசித்திருப்பாள். 'உன்னைத் தெரியாதா எனக்கு' என்று எழுதியிருப்பதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாசித்திருப்பாள்?

பத்து நாள் கழித்து மயூரன் கூப்பிட்டான். பதினான்காம் பதிப்புக்கான முதல் வெளியீடு தயாராகியிருந்தது.

"அக்கா, இதைப் பரிசலுக்கும் அனுப்புறம். அவையள் வாசிச்சுத் திருப்பி எழுதுறவையெல்லோ. இங்க இருந்து போறதுக்குத் தடை ஒண்டும் இல்லை. அங்க இருந்து வாறதுதான் இல்லை." கொஞ்சம் தயங்கினான். "அடியில குறிப்பு எழுதுற இடத்தைத் திறந்து வச்சிருக்கிறன். நீங்கள் எழுதி மூடுங்கோ. நான் பாக்கமாட்டன்."

"பாத்தாத்தான் என்ன? உங்களுக்கும் அவளைத் தெரியுமே," என்றாள் கோமதி.

எழுத உட்கார்ந்தாள். என்னென்னவோ எழுதலாம் என்று தோன்றியது. செத்துப்போன இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்தாள். எழுதினால் வடிவு அதைத் தனியாகச் சுமக்க வேண்டும், இங்கிருந்து யாரும் அவள் முதுகைத் தட்ட முடியாது. எழுதாவிட்டால் அது இன்னொரு மறைப்பு. கடைசியில் எழுதினாள். முழுவதையும் எழுதினாள், மயூரனுடைய தவறையும், அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோன தன் கண்களையும் சேர்த்து. பிறகு இதையும் எழுதினாள்:

'வடிவு, நீ நெனச்ச மாதிரி நான் ஒடனே சொல்லலை. காலையில வாசிச்சேன், சாயங்காலம் வரைக்கும் மறைச்சு வச்சிருந்தேன். மயூரன் தம்பி விட்டுக்குடுத்த பொறவுதான் வாய் வந்துச்சு. இதை உனக்குச் சொல்லாம இருந்தா நீ என்னைத் தப்பாத் தெரிஞ்சு வச்சிருப்ப.'

குறிப்பை மூடி அனுப்பினாள். அது போய்ச் சேர ஒன்றேகால் வருஷம் ஆகும். வடிவு வாசிப்பாள், திட்டுவாள், கொஞ்சம் அழுவாள், பிறகு சிரிப்பாள். அதில் எதுவும் இந்தப் பக்கம் வந்து சேரப்போவதில்லை. இருந்தாலும் கோமதிக்கு அதெல்லாம் தெரியும்.